உறையூர் விலாசம்

எங்கே போக வேண்டும் என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தைரியராஜ் கேட்டதும் ஜஹானாரா தயங்காமல் உறையூரில் ஒரு தெருவின் பெயரைச் சொன்னாள். வீட்டு எண்ணையும் சொன்னாள். தெருமுனையில் குழி வெட்டிப் போட்டிருப்பார்கள், பார்த்துத் திருப்புங்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள். அவர் பின்கதவைச் சாத்தினார். புத்தூர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வண்டி கிளம்பியது.

ஸ்ட்ரெச்சரில் அவளுடைய கணவர் அப்துல் அஹத் பச்சைத் துணிக்குள் கிடந்தார். எதிரே மகள் ஆலியா, அத்தாவின் செருப்புகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கல்லூரியிலிருந்து நேராக வந்தவள்.

நடந்ததை இருதயநாதன் என்பவர் சொல்லியிருந்தார். அஹத் வேலைக்கு வந்த அதே ரயிலில் தினமும் வருகிறவர். வாளாடி ஸ்டேஷன் தாண்டியதும் அஹத் நெஞ்சைப் பிடித்திருக்கிறார். இருபது வருடமாக மருந்துக் கடையில் வேலை பார்த்தவர், பையிலிருந்த மாத்திரையைத் தானே தேடி எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். "ஸ்ரீரங்கத்துல இறக்கிடுங்க, நம்மளால வண்டி லேட்டாக வேணாம்" என்றாராம். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார வைக்கும்போதே தலை சாய்ந்துவிட்டது. ஜஹானாரா பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் சொன்னது அவள் காதில் விழுந்தது. கத்தரித்துப் போட்டிருந்த சட்டையைக் கையில் எடுத்து, "இது புதுசும்மா" என்று நர்ஸிடம் சொன்னாள்.

வண்டி தெருவுக்குள் திரும்பியபோது ஆலியா நிமிர்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள்.

வண்டி நின்றது. கதவு திறந்ததும் ஜஹானாரா அந்தப் பச்சை கேட்டைப் பார்த்தாள். படியில் ஒரு சிறுமியின் பள்ளிக்கூட ஷூ கிடந்தது. கொடியில் அவள் அறியாத புடவை ஒன்று காய்ந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த வீட்டைக் காலி செய்து பதினோரு நாள் ஆகிவிட்டது.

பத்தொன்பது வருடம் இருந்த வாடகை வீடு. வாடகையை ஏற்றிக்கொண்டே போனார்கள். லால்குடியில் பாதி வாடகைக்குக் கிணறும் கொல்லையுமாக ஒரு வீடு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தவள் ஜஹானாராதான். ரயிலில் முக்கால் மணி நேரம்தான், எத்தனையோ பேர் போய் வருகிறார்கள் என்று அவள் சொன்னபோது, "நீ சொன்னா சரி" என்றார் அஹத். அவ்வளவுதான் அவர் சொன்னது.

உள்ளேயிருந்து ஆனந்தவள்ளி வந்தாள். இப்போது அங்கே குடியிருப்பவள். சாவியை ஒப்படைத்த அன்று ஜஹானாரா அவளை ஒருமுறை பார்த்திருந்தாள். அவள் பின்னால் அவள் கணவர் மருதை, வேலைக்குக் கிளம்பும் கோலத்தில்.

"தப்பா வந்துட்டோம்," என்றாள் ஜஹானாரா. "லால்குடிக்குப் போகணும். மறந்துபோச்சு எனக்கு."

எதிர் மாடியிலிருந்து ஷரபுன்னிசா முக்காட்டை இழுத்துக்கொண்டு இறங்கி ஓடிவந்து ஜஹானாராவைக் கட்டிக்கொண்டாள். தன் வீட்டுக்கே தூக்கிப் போகலாம் என்றாள். ஆனால் அந்த மாடிப்படியில் ஒரு பீரோவையே ஏற்ற முடியாது என்பது தெருவுக்கே தெரியும். மருதை தணிந்த குரலில் மனைவியிடம், ஹவுஸ் ஓனருக்கு ஒரு போன் போட்டுவிடலாம் என்றார். ஆனந்தவள்ளி அவர் பக்கம் திரும்பவில்லை. துணிக்கு வெளியே தெரிந்த பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளிப்பாட்டத் தண்ணி வேணும்ல?" என்றாள் ஜஹானாராவிடம். "மோட்டார் போடறேன். இறக்கச் சொல்லுங்க."

மருதை வேலைக்கு எடுத்த பையைப் படியில் வைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போய் சோபாவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைத் தைரியராஜ் பிடித்தார். ஆனந்தவள்ளி சாமி அலமாரியின் திரையை இழுத்துவிட்டாள்.

நடுக்கூடத்தில் அஹத்தைக் கிடத்தினார்கள். செய்தி பரவி, பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பழைய தெருக்காரர்கள் வந்தார்கள். வீடு மாறியதே தெரியாமல் சிலர் நேராக இங்கேயே வந்தார்கள். ஜஹானாரா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. ஒருமுறை தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறைக்குப் போய், பழக்கத்தில் இடது பக்கத் தட்டில் கை வைத்தாள். கையில் மிளகாய்த்தூள் டப்பா அகப்பட்டது. அதைப் பார்த்தபடியே நின்றாள். பின்கட்டில் குளிப்பாட்டக் குடம் நிரப்பியவர்கள் குழாய் திறக்கவில்லை என்று ஆனந்தவள்ளியைக் கூப்பிடுவது கேட்டது.

"அத எதிர்ப்பக்கமாத் திருகணும்," என்றாள் ஜஹானாரா. "நீங்க வந்ததுலேர்ந்து அந்தக் குழாயத் திறக்கவே இல்லையா?"

ஆனந்தவள்ளி இல்லை என்று தலையாட்டினாள்.

ஷார்ஜாவிலிருந்து மகன் கலீம் வீடியோவில் வந்தான். டிக்கெட் கிடைத்தாலும் நாளைக்குத்தான் வர முடியும், எனக்காகக் காத்திருக்காமல் அடக்கத்துக்கு எடுத்துவிடுங்கள் என்று அழுதான். லால்குடி வீட்டை அவன் பார்த்ததில்லை. ஆலியா போனைத் திருப்பி அத்தாவின் முகத்தைக் காட்டியபோது பின்னால் இருந்த சுவர் அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"நம்ம வீட்டுலயாம்மா இருக்கீங்க?" என்றான்.

"ஆமா," என்றாள் ஜஹானாரா.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. ஆண்கள் தூக்கிக்கொண்டு போன பின் கூடம் திடீரென்று பெரிதாகிவிட்டது. மருதை சோபாவைத் திரும்பப் போடாமல் வாசலிலேயே நின்றார், அவர்கள் கிளம்பட்டும் என்று. அது ஜஹானாராவுக்குப் புரிந்தது.

இனி நான்கு மாதம் பத்து நாள் அவள் கணவனை இழந்தவளாக இத்தா இருக்க வேண்டும், வெளியே போகாமல். தன் வீட்டில் வந்து இருக்கச் சொல்லி ஷரபுன்னிசா கெஞ்சினாள். எங்கே இருப்பது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். கணவனோடு கடைசியாக எந்த வீட்டில் குடியிருந்தாளோ அங்கே இருப்பதுதான் முறை, பயமோ சிரமமோ இருந்தால் மாறிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

"பதினோரு நாள்மா," என்றாள் ஆலியா. "இன்னும் பெட்டியே பிரிக்கல. பக்கத்துல ஒரு முகம் தெரியாது. அது நம்ம வீடா? சிரமம்னு சொல்லிட்டு இந்தத் தெருவுலயே இரேன்."

ஜஹானாரா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"அத்தா காலையில கிளம்பினது அங்கேர்ந்துதான்," என்றாள்.

ஷரபுன்னிசாவும் கூட வந்தாள். லால்குடியில் அவர்கள் காரைவிட்டு இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. திருச்சியிலிருந்து வரும் சாயங்கால பாசஞ்சர் அப்போதுதான் வந்திருந்தது. ஸ்டேஷன் பக்கமிருந்து ஆட்கள் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். தோளில் பை, கையில் சாப்பாட்டுக் கூடை, சிலர் காய்கறி வாங்கியிருந்தார்கள். ஒவ்வொரு வீடாக ஒவ்வொருவர் உள்ளே போனார்கள்.

பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். காளியாயி என்று பெயர், அதற்கு மேல் அவளைப் பற்றி ஜஹானாராவுக்கு ஒன்றும் தெரியாது.

"காலையிலேர்ந்து வீடு பூட்டியிருக்கேன்னு பாத்தேன். சார் இந்த ட்ரெய்ன்ல வரலையா?"

ஆலியா வாயைத் திறந்தாள். ஜஹானாரா அவள் கையைப் பற்றினாள்.

"இல்லைங்க. வரல," என்றாள்.

ஆலியாவும் ஷரபுன்னிசாவும் உள்ளே போய் விளக்கைப் போட்டார்கள். ஜஹானாரா கேட்டின் கொண்டியைப் பிடித்தபடி நின்றாள். கீரைக்கட்டோடு ஒருவர் கடந்து போனார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள், பிறகு நொண்டி நொண்டி ஒரு வயதானவர். கடைசியாக ஒருவன் போனில் பேசிக்கொண்டே நடந்தான். இந்த வண்டியை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, ஏழேகாலுக்கு இன்னொன்று இருக்கிறது, அதில் வந்துவிடு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனான்.