மோர் வரும் வரை

தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்த பரந்தாமன், சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன நேரத்தில் தன் இடத்தை இழந்தான். இடம் என்றால் நாற்காலி மட்டும் அல்ல. அந்த ஊரில் நாற்காலியோடு மற்றவையும் சேர்ந்து வரும். போகும்போதும் சேர்ந்தே போகும். இதில் யாரும் அதிசயப்படுவதில்லை.

குற்றம் சொல்வதென்றால் கேஸ் சிலிண்டரைச் சொல்லலாம். சேலத்திலிருந்து மற்ற சாமான்கள் எல்லாம் வந்துவிட்டன. சிலிண்டர் மட்டும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. சேலத்திலிருந்து எதற்குக் கப்பல் என்று கேட்டதற்கு, "இங்க அப்படித்தான் சார் வரும்" என்றார் ஏஜென்சிக்காரர். பீச் ரோட்டில் நின்று பார்த்தால் கப்பல் தெரிந்தது. அது நிற்பதாகவும் தெரியவில்லை, வருவதாகவும் தெரியவில்லை. ஆகவே பரந்தாமனும் அவன் மனைவி வசந்தாமணியும் வேளைக்கு ஒரு கடையாகச் சாப்பிட்டுப் பார்த்தார்கள்.

பரந்தாமனுக்கு இதில் ஒரே குஷி. அவனுக்கு நாக்கு நீளம். ஆனால் எதைத் தின்றாலும் கடைசியில் "சுமார்" என்பான். துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் இரண்டாவது சோறு போடும்போது கடல் உள்ளே வந்தது. எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். கடல் திரும்பிப் போனதும் இறக்கிக்கொண்டார்கள். "சுமார்" என்றான். ஒரு புரோட்டாக் கடையில் மாஸ்டர் கல்லில் கொத்தக் கொத்தத் தெருவில் போகிறவர்கள் அந்தத் தாளத்துக்கே நடந்தார்கள். அவர் பீடி பற்றவைக்க நிறுத்தியபோது டவுன் பஸ்கூட நின்றது. அதுவும் சுமார்தான்.

அவன் சாப்பிடுகிற அழகைச் சொல்ல வேண்டும். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி சாப்பிடுவான். குழம்பு, ரசம், ஒரு வாய் மோர், இலையை மடி, எழு. வசந்தாமணி அப்போது ரசத்துக்கே வந்திருக்க மாட்டாள். அவன் கை கழுவிவிட்டு வாசலில் நின்று, பல்லைக் குத்திக்கொண்டு உள்ளே பார்ப்பான். அவள் பாதிச் சோற்றில் எழுந்து வருவாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். சேலத்தில் இதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

அன்று போனது பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மெஸ். நல்ல கூட்டம். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் இடத்துக்காக ஒருவர் நின்றார். பரந்தாமன் பின்னாலும் ஒருவன் நின்றான். நின்றவனின் மூச்சு பரந்தாமன் கழுத்தில் பட்டது. பரந்தாமன் அதைச் சட்டை செய்யவில்லை. ஊளி மீன் குழம்பை வழித்துத் தின்றான். "சுமார்" என்று எழுந்தான்.

கை கழுவும் இடம் உள்ளே போய் வலது பக்கம் என்றார்கள். வலது பக்கம் ஒரு நடை இருந்தது. அது முடிந்த இடத்தில் இன்னொரு வலது பக்கம் இருந்தது. வழியில் ஒரு படகுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். "பாத்துப் போங்க, ஈரம்" என்றார்கள். குழாயில் உப்புத் தண்ணீர் வந்தது. அவன் திரும்பி வந்தபோது, பின்னால் நின்றவன் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முன்னால் புது இலை. பக்கத்தில் வசந்தாமணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த உப்பக் கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் உட்கார்ந்திருந்தவனிடம்.

ஏங்க என்றால் அந்த வீட்டில் அது பரந்தாமன்தான்.

"வசந்தா, எந்திரி. போலாம்."

"நான் இன்னும் முடிக்கலையே."

"இந்த ஆளு யாரு?"

அவள் நாற்காலியைப் பார்த்தாள். அதில் இருந்த ஆளைப் பார்க்கவில்லை. பரந்தாமனையும் பார்க்கவில்லை.

"நீங்கதான் எந்திரிச்சிட்டீங்களே" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

சூப்பர்வைசர் வந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"என் இடத்துல இவரு உக்காந்திருக்காரு."

"நீங்க எந்திரிச்சியளா?"

"கை கழுவப் போனேன்."

"எந்திரிச்சுத்தான போனிய?"

"ஆமா."

"பொறவு என்ன? ரெண்டு பேரும் சேந்து எந்திரிச்சா இடம் கூடவே வரும். ஒத்தையா எந்திரிச்சா பின்னால நிக்கவுகளுக்கு. எல்லா ஊர்லயும் உள்ளதுதான?"

"அது நாற்காலிக்குங்க."

"நாங்களும் அதத்தான சொல்லுதோம்."

"இப்ப நான் என்ன பண்றது?"

"பின்னால நில்லுங்க. அவுக எந்திரிச்சா ஒங்களுக்கு."

பரந்தாமன் பின்னால் நின்றான். உட்கார்ந்திருந்தவன் பாதி திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பெயர் கிளாட்வின் என்றான். நல்ல மனிதனாகத்தான் தெரிந்தான். இலைக்குப் பக்கத்தில் செல்போனை வைத்திருந்தான். அடிக்கடி அதைப் பார்த்துக்கொண்டான். தன் இலை காலியான பிறகும் அவன் எழவில்லை. வசந்தாமணி கடைசிப் பருக்கையை எடுக்கும்வரை கையை இலைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு இருவரும் சேர்ந்து இலையை மடித்தார்கள். சேர்ந்து எழுந்தார்கள். இடம் அவர்களோடு போனது.

மறுநாள் பரந்தாமன் ஆபீசுக்குப் போனான். அவன் நாற்காலியில் யாரும் இல்லை. மானேஜர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"கிளாட்வின் இன்னைக்கு லீவு சொல்லிட்டாரே. நீங்க யாரு?"

"நான் அவருக்குப் பின்னால நிக்கிறவன் சார்."

"அப்ப அங்க போய் நில்லுங்க. இங்க எதுக்கு வந்தீங்க?"

நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் நின்றான். பின்னால் நிற்பதை யாரும் தடுக்க முடியாது என்பது அந்த ஊரில் உள்ள நல்ல விஷயம். கிளாட்வின் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினான். பரந்தாமன் விழித்தபடியே நின்றான். வசந்தாமணி உள்ளறையில் விளக்கை அணைக்கும் முன், "எல்லாரும் தூங்குங்க" என்று பொதுவாகச் சொன்னாள். அந்த எல்லாரிலும் தான் உண்டா என்று அவன் வெகுநேரம் யோசித்தான்.

அதன் பிறகு அவர்கள் போன கடைக்கெல்லாம் அவனும் போனான். நிற்பவர்களுக்குச் சாப்பாடு கிடையாது. வாசனை உண்டு. அவன் மெலிந்தான். பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. ஒரு கையால் பேன்ட்டையும் ஒரு கையால் நாற்காலியின் முதுகையும் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்தக் கிளாட்வின் ஒரு வழக்கம் வைத்திருந்தான். பாதிச் சாப்பாட்டில், "எப்படி இருக்கு வசந்தாமணி?" என்று கேட்பான். முழுப் பெயர். பரந்தாமன் அதை வசந்தாவாக்கி, பிறகு இந்தாவாக்கி வைத்திருந்தான்.

அவள் கொஞ்சம் மென்று பார்ப்பாள்.

"புளி ஒரு மடங்கு கூட. ஆனா வாழைக்காய்ப் பொரியலு நல்லா இருக்கு. தேங்காய வறுத்துப் போட்டிருக்காங்க."

தேங்காய் வறுத்தது பரந்தாமனுக்குத் தெரிந்ததே இல்லை. அவளுக்கு ஒரு நாக்கு இருப்பதும் தெரிந்ததில்லை. எத்தனை கடைகளில், எத்தனை சுமார்களுக்குப் பின்னால், அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறாள்! அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு கிளாட்வினின் பிடரியைப் பிடித்துத் தூக்கி எறிய வேண்டும் என்றும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்றான்.

ஒரு நாள் அவள் சொன்னாள்: "எனக்கு மோரு சாதம்னா உசிரு. ஆனா கல்யாணமானதுலருந்து வெளிய எங்கயும் மோரு வரைக்கும் போனதேயில்ல."

"ஏன்?"

"அதுக்குள்ள எந்திரிக்க வேண்டியதாயிரும்."

பரந்தாமனின் கை நாற்காலி முதுகில் இறுகியது. "வசந்தா, நான் இருக்கேன்" என்றான்.

"பின்னாடி நிக்கிறவங்க பேசக்கூடாதாம். போர்டு வெச்சிருக்காங்க" என்றாள் அவள், திரும்பாமல். உண்மையில் போர்டு இருந்தது.

கிளாட்வின் மோர் கேட்டான். "மோர் தீந்துட்டு" என்றார் பரிமாறுபவர். அடுத்த கடையிலும் தீர்ந்துவிட்டது. அதற்கடுத்த கடையில் மோர் எடுத்து வரப் போனவர் திரும்பவில்லை. அவர் வேறொரு கடையில் கல்யாணம் செய்துகொண்டதாகச் சொன்னார்கள். அவள் ஒவ்வொரு முறையும் "பரவால்ல" என்று ரசத்தோடு முடித்துக்கொண்டாள். அந்தப் பரவால்ல பரந்தாமனுக்கு நன்றாகத் தெரிந்த பரவால்ல. அது பரவால்ல என்று அர்த்தமில்லாத பரவால்ல.

அவள் கை கழுவப் போன ஒரு சமயம், பரந்தாமன் குனிந்து கேட்டான். அவள் எழுந்தபோது அவள் இடத்துக்குப் பின்னால் நல்லவேளையாக யாரும் நிற்கவில்லை.

"நீங்க எப்பத்தான் எந்திரிப்பீங்க?"

"எனக்கும் ஒரு இடம் இருந்துச்சு அண்ணாச்சி" என்றான் கிளாட்வின். "உடங்குடியில. ஜன்னல் ஓரம். நல்ல காத்து வரும். கை கழுவப் போனேன்."

"அப்புறம்?"

"கழுவினேன்."

அவன் செல்போனைப் பார்த்தான். அதில் ஒன்றும் வரவில்லை.

கடைசியில் அவர்கள் பழைய துறைமுகத்துக்கு எதிரில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள். அந்தக் கூடம் மிக நீளம். மறு கோடியில் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. இவர்கள் பக்கம் வெயில். இலை போட்டார்கள். சோறு வந்தது. குழம்பு வந்தது. வசந்தாமணி நிதானமாகப் பிசைந்தாள். அப்போது கிளாட்வினின் செல்போன் அடித்தது.

அவன் இடது கையால் எடுத்துக் காதில் வைத்தான். ஒரு பெண்ணின் குரல் பின்னால் நின்ற பரந்தாமனுக்கும் கேட்டது. "ஏங்க, ஜன்னல் ஓரத்து ஆளு எந்திரிச்சிட்டான். ஓடியாங்க."

கிளாட்வின் எழுந்தான். "மைனி, நான் வாரேன்" என்றான் வசந்தாமணியிடம். அதுவரை அவன் அவளை அண்ணன் மனைவியாகக் கூப்பிட்டதில்லை. இலையை மடிக்கக்கூட இல்லை. எச்சிற்கையோடு வெயிலில் ஓடினான்.

நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் நின்ற துண்டு போட்ட ஒருவர் உட்கார ஒரு முழங்காலை நீட்டிவிட்டார். பரந்தாமன் பேன்ட்டை விட்டான், பாய்ந்தான், உட்கார்ந்தான்.

முன்னால் கிளாட்வின் பாதி தின்ற இலை இருந்தது.

"வேற இலை போடுங்க" என்றான்.

"மாத்த முடியாது அண்ணாச்சி. இடத்தோட சேந்தது" என்றார் பரிமாறுபவர்.

சேலத்தில் பிறத்தியான் கடித்த முறுக்கைக்கூடத் தொடாதவன் பரந்தாமன். அந்த எச்சில் இலையில் கையை வைத்தான். தின்றான். குழம்பில் வெந்தயம் வாசமாக இருந்தது. அவன் சுமார் என்று சொல்லவில்லை. பசியில் நாலு வாயில் முடித்தும்விட்டான்.

முடித்ததும் கால்கள் தாமாக எழப் பார்த்தன. பழக்கதோஷம். இடுப்பு பாதி தூக்கிவிட்டது. பின்னால் ஒருவர் மூச்சு அவன் கழுத்தில் பட்டது. பரந்தாமன் மேஜை விளிம்பைப் பிடித்துத் தன்னைத் தானே அழுத்தி உட்காரவைத்தான்.

வசந்தாமணி குழம்பிலிருந்து ரசத்துக்கு வந்தாள். அவசரமில்லாமல் வந்தாள். ரசத்துக்கு இரண்டாவது முறை சோறு வாங்கினாள். பரந்தாமனின் கை காயத் தொடங்கியது. பருக்கைகள் விரலில் இறுகின. தோல் வெள்ளையாக, உப்புப் பூத்த மாதிரி ஆனது. வெயில் இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலுக்குப் போனது. பின்னால் இப்போது மூன்று பேர் நின்றார்கள். அவர்கள் பேசவில்லை. போர்டு இருந்தது.

"மோர் இருக்கா?" என்று கேட்டான். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

"வருது அண்ணாச்சி."

கூடத்தின் மறு கோடியில், தூறலுக்குள், ஒருவர் மோர் வாளியோடு தெரிந்தார். நிற்பதாகவும் தெரியவில்லை, வருவதாகவும் தெரியவில்லை.

வசந்தாமணியின் இலையில் ஒரு கைப்பிடிச் சோறு மிச்சம் இருந்தது. அவள் அதைத் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்தாள். ஓரக்கண்ணால் அவன் கையைப் பார்த்தாள்.

"காஞ்சு போச்சு பாருங்க. எந்திரிக்கறதுன்னா எந்திரிங்க. பரவால்ல."

பரந்தாமனுக்குக் கால் இரண்டும் மரத்துப்போய் யாருடையவோ போல இருந்தன. பின்னால் நின்றவர் ஒரு அடி நெருங்கி வந்தார்.

"மோர் வரட்டும்" என்றான்.

அவள் நிமிர்ந்தாள். நாற்காலியைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். ரொம்ப நாள் பார்க்காத ஆளைப் பார்ப்பதுபோல, சரியாகத்தான் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஏங்க" என்றாள்.

"என்ன?"

"அந்த உப்பக் கொஞ்சம் தள்ளுங்க."

காய்ந்த கையை இலைமேலேயே வைத்துக்கொண்டு, அவன் இடது கையால் உப்பைத் தள்ளினான்.