வலது சுவர்

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றே காலுக்கு, டிவி ரிப்பேர்க்காரர் தன் கையால் செய்த விளையாட்டு மெஷினிலிருந்து பந்து வெளியே போய்விட்டது. நகத்தளவு வெள்ளைச் சதுரம், அவ்வளவுதான். மெஷினின் வலது பலகையில் ஒரு கீறல்கூட விழாமல் வெளியேறி, திரைக்குள் என்ன வேகத்தில் போனதோ அதே வேகத்தில், மேலும் கீழுமாக டொக் டொக்கென்று துள்ளியபடி தெருவைக் கடந்து எதிர் சலூனுக்குள் நுழைந்தது. சலூன்காரர் கை ஆடியதில் தபால் ஆபீஸ் கிளார்க்கின் மீசை ஒரு பக்கம் போயிற்று. கிளார்க் பந்து சுவருக்குள் மறைவதைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், "சரி, அந்தப் பக்கத்தையும் எடுத்துடுங்க" என்றார். தெருவுக்கு விஷயம் அதோடு முடிந்தது. ரிப்பேர்க்காரருக்குத்தான் முடியவில்லை.

அந்த மெஷின் பிறந்ததே ஒரு பரிதாபத்தில்தான். ஊரில் பன்னிரண்டு வீட்டில் மட்டும் டிவி இருந்த காலம் அது. மூடப்போகிற ரேடியோ பள்ளி ஒன்றிலிருந்து, மின்சாரத்தின் அலையைத் திரையில் காட்டும் பழைய பெட்டி ஒன்றை அவர் தூக்கி வந்திருந்தார். அதில் எதையும் இணைக்காமல் ஆன் செய்தால் நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி சும்மா நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்த மனைவி ஒருநாள் அதை நிமிர்ந்து பார்த்தாள். "பாவங்க, ஒத்தையா நிக்குது. அதுக்கு ஏதாவது வேலை குடுங்களேன்" என்றாள். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் ஐந்து மாதம் சோறு தண்ணி இல்லாமல் உழைத்தார். புள்ளியைப் பந்தாக்கி, அதை அடிக்க, குமிழைத் திருகினால் நகரும் இரண்டு கோடுகள் கொடுத்தார், இடது கோடு அவளுக்கு, வலது தனக்கு. அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த துணி அலமாரியை அறுத்து மெஷினுக்கு உடம்பு செய்தார்கள். அலமாரியின் கீழ் இழுப்பறை மட்டும் அப்படியே இருந்தது.

அந்த மெஷினில் சுவர் என்பது மிளகளவு ஒரு பாகம். அதை ஈயம் உருக்கிப் பற்றவைத்தால் அந்தப் பக்கம் பந்து முட்டும், பாயிண்ட் விழும், பந்து திரும்பும். மேல் சுவர் வைத்தார், கீழ்ச் சுவர் வைத்தார், இடது சுவர் வைத்தார். வலது சுவரை வைக்கவில்லை. மறந்துவிட்டதாகத்தான் எல்லோரிடமும் சொன்னார். மறதியும் இல்லை, மண்ணும் இல்லை. அது அவர் நிற்கும் பக்கம், தன்னைத் தாண்டி ஒரு பந்து போகும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. கொழுப்பு என்றால் கொழுப்பு, அப்படியொரு கொழுப்பு!

மனைவிக்கு அந்தத் தெரு பிடிக்காது. வெயிலும் வராத, காற்றும் வராத சந்து. கடலோர நகரத்தில் அவளுடைய அக்கா தனியாக ஒரு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு, வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மூன்று வருஷமாக ரிப்பேர்க்காரர் "பாக்கலாம்" என்றே சொல்லிவந்தார். அவருக்குக் கடைதான் உயிர். மெஷின் தயாரான அன்று தெம்பில் வாயை விட்டார்: "பதினஞ்சு பாயிண்ட் ஆட்டம். அதுக்குள்ள நீ ஒரே ஒரு பாயிண்ட் எடு, மறுநாளே கடையைப் பூட்டிட்டு உன் அக்கா வீட்டுக்கு வர்றேன்." பூஜ்யத்துக்குப் பதினான்கு என்று ஆட்டம் நிற்கும்போது, பந்து வலப்பக்கம் போகிற நேரம் பார்த்து அவள் "என்னங்க" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பினார். பந்து போய்விட்டது.

"பாயிண்ட்" என்றாள்.

"சுவர்ல பட்டாத்தான் பாயிண்ட்" என்றார் அவர்.

"அப்ப பட்டுட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒரு காகிதத்தில் 'அணைக்கக் கூடாது, ஆட்டம் நடக்கிறது' என்று எழுதி சுவிட்சின் மேல் ஒட்டினாள்.

எட்டாம் மாதம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. 'உன் பந்து நேத்து எங்க மாடி வழியாப் போச்சு. நீ எப்ப வரப்போற?' அதைப் படித்துவிட்டு அவள் மடித்து மெஷினின் இழுப்பறையில் போட்டாள். ரிப்பேர்க்காரர் கணக்குப் போட்டார். மெஷினை அணைத்து, வலது சுவரைப் பற்றவைத்து, மறுபடி ஆன் செய்தால் புதுப் பந்து வரும், ஆட்டத்தைப் புதிதாக ஆடலாம், பத்து நிமிஷ வேலை. ஆனால் இந்தத் தடவை அவள் ஜெயித்துவிட்டால்? நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டார். அந்த நாளை வரவே இல்லை.

வருஷங்கள் ஓடின. பூச்சிப் படையைச் சுடும் மெஷின் வந்தது, கார் மெஷின் வந்தது, அடிதடி மெஷின் வந்தது. ரிப்பேர் கடை விளையாட்டுக் கடையாயிற்று. பள்ளி விட்டால் உள்ளே கால் வைக்க இடமிருக்காது. மூலையில் அலமாரி மெஷின் மட்டும் பந்தில்லாமல், இரண்டு கோடும் எண்களுமாக எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் போகும் நாட்களுக்கென்று பேட்டரி வைத்து, அதற்கு மாதாமாதம் தண்ணீர் ஊற்றியது அவள்தான். ஐந்தாம் வருஷம் ஒரு கப்பல் சமையல்காரர், பந்து கப்பலைக் கடந்ததாக எழுதினார். பதினான்காம் வருஷம் பனி கொட்டும் ஊரிலிருந்து ஓர் ஆசிரியை, அது வகுப்பறைக்குள் வந்துபோன பிறகு ஒரு மணி நேரம் அறை கதகதப்பாக இருந்ததாக எழுதினார். எல்லாக் கடிதங்களும் இழுப்பறைக்குப் போயின. பிறகு விளையாட்டுகள் வீட்டுக்குள் போயின, அப்புறம் சட்டைப்பைக்குள் போயின. கடையில் மெஷின்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. தலை நரைத்த ஆண்கள் சிலர் எப்போதாவது வந்து, அணைந்த மெஷினின் கைப்பிடியைப் பிடித்துத் திருகிப் பார்த்து, "மணிக்கட்டு மறக்கலை பாருங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார்கள். பழைய மெஷின்களைச் சேகரிப்பவர் ஒருவர் அலமாரி மெஷினை விலைக்குக் கேட்டார். "ஆட்டம் முடியலையே, எப்படிக் குடுக்கிறது?" என்றாள் அவள். அவர் நியாயம்தான் என்று திரும்பிப் போனார்.

இருபத்தாறாம் வருஷம், ஊரின் இடக்கோடியிலிருந்து செங்கல் சூளைக்காரர் போன் செய்தார். வலப்பக்கம் போன பந்து உலகத்தைச் சுற்றி இந்தப் பக்கமாக வந்து சூளையைத் தாண்டிவிட்டது, காலையில் கடைக்கு வரும் என்றார். மனைவி கடைவீதிக்குப் போன சமயம் பார்த்து ரிப்பேர்க்காரர் அலமாரியின் பின்பலகையைக் கழற்றினார். மிளகளவு பாகம் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. எப்படியும் இடது சுவர் இருந்தால் பந்து உள்ளே நுழைய முடியாது. எனவே மெஷினை அணைக்காமலே இடது சுவரைக் கழற்றி வலப்பக்கம் பற்றவைத்தார். பத்து நிமிஷம் என்று நினைத்திருந்தார், ஒரு மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தவள் ஈயப் புகையை மோந்தாள், பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

காலையில் பந்து இடப்பக்கமாக வந்தது. இவ்வளவு தூரம் சுற்றியும் இளைக்கவில்லை. அவள் தன் கோட்டை மேலே தூக்கி வழிவிட்டாள். பந்து அவரை நோக்கி வந்தது. ரிப்பேர்க்காரர் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டார். டொக். ஒன்றுக்குப் பதினான்கு.

"ஏன் கையை எடுத்தீங்க?"

"வயசாச்சு. கை வரலை."

"பொய்." அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைச் செய்ய இருபத்தாறு வருஷமா?"

"உன்னைக் கட்டிப்போட்டுட்டேன்" என்றார்.

"நான் சுத்தின காயில்தான் உள்ளே இருக்கு, எனக்கு அந்தச் சுவர் வைக்கத் தெரியாதா? கடையை விட்டு உங்களைப் பிடுங்கிட்டுப் போனா அங்கே என்ன பண்ணுவீங்கன்னு நானும்தான் சும்மா இருந்தேன். பேசாம மூட்டையைக் கட்டுங்க."

மெஷினைப் பேட்டரியோடு வேனில் ஏற்றினார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருந்ததால் வழியெல்லாம் வேனுக்குள் நின்றபடியே இருவரும் பந்தைத் தட்டிக்கொண்டு போனார்கள். அக்கா வீட்டில் இடப்பக்கம் கடல் தெரியும்படி ஜன்னலோரம் வைத்தார்கள். காற்று வீட்டைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. அவள் முகத்திலிருந்து இருபத்தாறு வருஷத்துக் களைப்பு அரை நாளில் இறங்கியதை அவர் பார்த்தார்.

"இப்ப என் பந்தயம்" என்றார் அவர். "எனக்கு இன்னும் ஒரே பாயிண்ட். எடுத்துட்டா கடைக்குத் திரும்பிடணும், சரியா?"

அவள் முகம் ஒரு கணம் வாடியது. "சரி" என்றாள்.

பந்து போய் வந்தது, போய் வந்தது. அவள் பக்கம் அது நெருங்குகிற நேரம் பார்த்து அவர், "ஏம்மா" என்று கூப்பிட்டார். அவள் திரும்பினாள். பந்து சுவரில்லாத இடது பலகையைத் தாண்டி, ஜன்னல் வழியாகக் கடலுக்கு மேல் துள்ளித் துள்ளிப் போயிற்று.

"எங்கிட்டயேவா?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சுவர்ல பட்டாத்தான் பாயிண்ட்" என்றார்.

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மறுபடி எப்ப வரும்?"

"இருபத்தாறு வருஷம் ஆகும்க்கா" என்றாள் மனைவி.

"அப்ப வாங்க, சோறு ஆறுது."

ரிப்பேர்க்காரர் பேட்டரியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். பழைய காகிதம் சுவிட்சின் மேல் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று அழுத்திவிட்டு, கை கழுவப் போனார்.