இடமாகச் சுற்றிய டிரில் டீச்சர்

1

இந்தக் கதை எனக்குக் கீழச் சித்திரை வீதியில், தேர் நிற்கும் தேர்முட்டி ஓரமாகக் கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே கறிவேப்பிலை மரம் இருக்கிறது என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட அது மேல்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் வருஷக் கோடையில், ஸ்ரீரங்கத்து அதிகாலையின் இளங்காற்றில்...'

வேண்டாம். அந்தக் கோடையில் ஸ்ரீரங்கத்தில் காற்றே இல்லை.

அடுத்தது: 'அவள் இருமியதை நான் சுவர் வழியாகக் கேட்டேன்.' இது உண்மை. ஆனால் சுவரில் காது வைத்தவளை எந்த வாசகர் நம்புவார்?

2

ஆகவே நேராகச் சொல்கிறேன். மேலச் சித்திரை வீதியில் எங்களுக்கு அடுத்த வீட்டு மாடியில் சுப்புராமனும் மட்டுவார்குழலியும் குடியிருந்தார்கள். அவர் மின்சார வாரியத்தில் கிளார்க். பூசினாற்போல் உடம்பு, சாதுவான முகம். அவள் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். மலைக்கோட்டை அம்மன் பெயரைச் சுமந்துகொண்டு பெருமாள் ஊரில் வந்து குடியேறினாளே என்று நாங்கள் பேசிக்கொண்டது உண்டு. (பேசிக்கொள்ள வேறு விஷயம் கிடைக்காத நாட்களில்.)

அந்தக் கோடைக்கு முந்தின வருஷம் அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்தது. காசநோய் என்றார்கள். ஆஸ்பத்திரி, ஊசி, கை நிறைய மாத்திரை. திரும்பி வந்தபோது மாடிப்படியில் நடுவே உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போனாள். மாத்திரையெல்லாம் முடிந்த பிறகு டாக்டர், மெதுவாக ஓடிப் பார்க்கலாம், ஆனால் தனியாக வேண்டாம் என்றார்.

அவளுக்கோ அவசரம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஓட முடியாவிட்டால் மைதானத்துக்குப் பதில் தையல் வகுப்பைத் தருவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அன்பாகத்தான் சொன்னார். குழலிக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடப் பொறுமை கிடையாது.

3

ஓடினார்கள். அவள் சேலையை ஏற்றிச் செருகி, வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு முன்னால். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு பத்தடி பின்னால்.

இந்த இடத்தில் பாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் ஏன் பின்னால் வருகிறார்? அவள் விழுந்தால் தாங்கவா, அல்லது அவ்வளவுதான் முடிகிறதா? தெருவின் தீர்ப்பு இரண்டாவது. தெருவின் தீர்ப்பு என்றால் பெரும்பாலும் என்னுடையது.

ஆனால் அன்று வம்பு கிளம்பியது வேகத்தால் அல்ல, திசையால். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் யாரானாலும் கோயில் வலப்பக்கம் இருக்கும்படி, வலமாகத்தான் சுற்றுவார்கள். குழலி வாசலை விட்டு இறங்கியதும் தெற்கே திரும்பி இடமாக ஓடினாள். ஓட்டப்பந்தய மைதானத்தில் அப்படித்தானாம். பள்ளிக்கூட நாளிலிருந்து இடப்பக்கமே திரும்பிப் பழகிய கால்.

அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் வேணுகோபால் சுப்புராமனை வாசலில் நிறுத்தினார்.

"சார், இடமா சுத்தறது சாவுக் காரியத்துக்குத்தான். பொழைச்சு வந்தவ எதுக்கு இப்படி ஓடணும்?"

குழலி ஒரு நாள் வலமாக ஓடிப் பார்த்தாள். முதல் திருப்பத்திலேயே கால் பின்னிக்கொண்டது. மாட்டேன் என்றுவிட்டாள். கூடவே, முதுகுக்குப் பின்னால் ஆள் மூச்சு வாங்கும் சத்தத்தோடு இனி ஓட முடியாது, அது தன் பழைய மூச்சு போலவே கேட்கிறது என்றும் சொன்னாள். (சுவர் மெல்லிசு.)

மறுநாள் சுப்புராமன் வழி கண்டுபிடித்தார். அவள் தெற்கே போகட்டும், இடமாக. அவர் வடக்கே போவார், வலமாக. எதிரும் புதிருமாக ஓடி வழியில் சந்திப்பார்கள். டாக்டர் சொன்ன துணையும் ஆயிற்று. "ஒருத்தர் தப்பு, ஒருத்தர் சரி. பெருமாளுக்கு நேராயிடும் சார்" என்று வேணுகோபாலிடம் சொல்லிவிட்டு வடக்கே கிளம்பினார்.

4

முதலில் தெற்குச் சித்திரை வீதியிலேயே சந்தித்தார்கள். அதாவது அவர் முக்கால் சுற்று வந்துவிட்டார், அவள் ஒரு தெருவைத்தான் தாண்டியிருந்தாள். பிறகு கிழக்குத் திருப்பத்தில். மே மாதக் கடைசியில் தேர்முட்டியில், சரிபாதியில். சந்திக்கும் இடம் நகர நகர நான் வாங்கும் சாமானும் மாறியது. தெற்கே அப்பளம், திருப்பத்தில் பூ, தேர்முட்டியில் காளியாயி கடையில் கறிவேப்பிலை.

அவள் தேறிவிட்டாள் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். கதையை இங்கேயே முடித்துக்கொண்டிருக்கலாம். 'அப்படியாக அவள்...'

அப்படியாக ஒன்றும் இல்லை. ஒரு காலை சுப்புராமன் தேர்முட்டிக்கு வந்தார். அவள் வரவில்லை.

கொஞ்சம் நின்றார். "அம்மாவைக் காணலியே" என்றாள் காளியாயி. அவ்வளவுதான். அந்தப் பூசினாற்போன்ற உடம்பு பறந்ததே பார்க்கணும். வேட்டி ஒரு கையில், காற்றைக் கிழித்துக்கொண்டு, இருபது வயசுப் பையனைப் போல. (பின்னாலேயே நானும் ஓடினேன் என்பதை அடைப்புக்குறிக்குள் வைக்கிறேன்.)

தெற்கு வீதியில் அவளுக்கு ஒன்றுமில்லை. தீர்த்தக் குடத்தோடு வந்த கோயில் யானை நடுவீதியில் வாழைப்பழத்துக்காக நின்றுவிட்டது. அதைத் தாண்டி யாரும் போக மாட்டார்கள். அவளும் இடுப்பில் கை வைத்து ஓரமாக நின்றிருந்தாள். அவர் வருவதைப் பார்த்தாள். முகத்தை அல்ல, கால்களை. டிரில் டீச்சர் அல்லவா.

"இவ்வளவு வேகமா ஓடுவீங்களா நீங்க?"

"பயந்துட்டேன்."

"அது தெரியுது. இத்தனை நாள் எதுக்கு மெதுவா வந்தீங்க?"

அவர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "நீ தேர்முட்டி வரைக்கும் வரணும்ல."

5

இங்கே மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் அழுதாள். அழுகிற ஆள் இல்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். இன்னொன்றில் கோபித்துக்கொண்டு நேரே தையல் வகுப்புக்குப் போனாள். அதை எழுத எனக்கே மனசு வரவில்லை. நடந்தது இதுதான். யானை போகும்வரை நின்றாள். சந்திக்கும் இடம் நகர்ந்தது தன்னாலா, அவர் தயவாலா என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே பக்கம். நீங்க முன்னால, இப்ப வந்த வேகத்துல. திரும்பிப் பாத்தீங்கன்னா செல்லாது. நான் பிடிச்சுட்டா மைதானத்து விசில். பிடிக்கலைன்னா தையல் மெஷின்."

"எந்தப் பக்கம்?"

"அதை மாமி சொல்லட்டும். ஊருக்கெல்லாம் அவங்கதானே சொல்றாங்க."

கறிவேப்பிலைக் கட்டோடு நான் பின்னால் நின்றது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. எனக்கும் மூச்சு வாங்கியது. "உன் கால் திரும்பற பக்கம் ஓடேண்டி" என்றேன். வாயிலிருந்து அப்படித்தான் வந்தது.

6

மறுநாள் வாசலில் நின்றேன், பையில்லாமல். வேணுகோபால் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னல் திறந்தது. சுப்புராமன் நிஜமாகவே ஓடினார், அதற்கு நான் சாட்சி. அவள் அவரைக் கொஞ்சம் போகவிட்டு, முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினாள். தெற்கு முனையில் இடப்பக்கம் சாய்ந்து திரும்பினாள் பாருங்கள், அந்தச் சாய்வுக்கே ஒரு விசில் கொடுக்கலாம்.

மீதியும் எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது என் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை, நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் குறுக்கு வழியாகக் கீழச் சித்திரை வீதிக்குப் போய் தேர்முட்டி ஓரமாக நில்லுங்கள். இப்போது வந்துவிடுவார்கள். கையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை.