கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை

என் மனைவி அமலோற்பவத்துக்குச் சித்திரை மாதம் புற ஊதாவாகப் பதவி உயர்வு வந்தது. வெயில் இலாகாவில் சிவப்பாகச் சேர்ந்து மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று இருபது வருடத்தில் படிப்படியாக ஏறியவள். ஊதாவுக்கு அடுத்த படிதானே, என்ன பெரிய வித்தியாசம் என்று தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த இலாகாவில் ஆளுக்கு ஒரு பொட்டலம். பதவி ஏற ஏறப் பொட்டலம் கனக்கும். விழுந்த இடத்தில் அதை ஒரே தடவையில் முழுசாக வைத்துவிட வேண்டும். நாலு பேர் சேர்ந்து ஒன்றாக வைக்கவும் கூடாது. சிவப்புக்காரர்கள் ஆயிரம் பேர் என் கையில் வந்து இறங்கியிருக்கிறார்கள். கை கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான். தோலுக்குள் இருக்கும் தையலில் ஒன்றைக்கூட அவர்களால் பிரிக்க முடியாது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே அது பலிக்காது. புற ஊதாவில் ஒரே ஒருத்தி போதும். பொட்டலத்தை வைத்தாளென்றால் தையல் விட்டுவிடும்.

முதல் நாள் வேலை முடிந்து வாசலுக்கு வந்தாள். கண்ணுக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் கையை நீட்டினேன். முழங்கை வரை சிவந்து, மூன்றாம் நாள் தோல் உரிந்தது. அதைப் பார்த்த பிறகு அவள் உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். கண்ணாடி அவளை விடாது. ஊதாவாக இருந்தபோது இதே கண்ணாடி வழியாக வந்துதான் என் சாப்பாட்டுத் தட்டில் உட்காருவாள். அவள் இல்லாமல் சோறு இறங்கவில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் என் வெள்ளைச் சட்டையை வெளியே கொடியில் காயப் போட்டேன். அவள் வாங்கி வைத்துவிட்டுப் போன, வெள்ளையை வெயிலில் நீலம் பாய்ந்து பளிச்சிட வைக்கும் சலவைத்தூளில் துவைத்தது. என்னைத்தான் தொட முடியாது, சட்டையையாவது தொடுவோம் என்று தொட்டிருக்கிறாள். தூள் ஏறிய சட்டை அவள் பொட்டலத்தில் கொஞ்சத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மீதியைக் கையில் கொடுத்து அவளை நீலமாக அனுப்பிவிட்டது. நீலத்தைக் கண்ணாடி தடுக்காது. நேரே உள்ளே வந்து என் மடியில் விழுந்தாள்.

“காலர்ல அழுக்குப் போகவே இல்லங்க,” என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அதன் பிறகு தினமும் அதே சட்டையைத் துவைத்துப் போட்டேன். அவளும் தினமும் வந்தாள்.

புரட்டாசியில் சட்டைக்கு உத்தரவு வந்தது. அது மிச்சம் பிடித்து வைத்திருந்த சூட்டைப் பார்த்து அகச்சிவப்பில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அறுந்திருந்த பித்தானைத் தைத்து அனுப்பி வைத்தேன். மற்றதெல்லாம் கட்டம் போட்ட சட்டைகள். அவற்றால் ஒன்றும் ஆகவில்லை. அமலோற்பவம் மறுபடியும் கண்ணாடிக்கு வெளியே நின்றாள்.

கொடியில் சட்டையின் இடம் காலியாக இருந்ததால் விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது. இப்போது சலவைத்தூள் கரைத்த அண்டாவில் ஊறிக்கொண்டிருக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் வந்து பிழிந்து, தோளுக்கு ஒரு கிளிப் மாட்டிவிடுவதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். கழுத்தை மட்டும் நானே இரண்டு தடவை தேய்த்துக்கொண்டேன்.