மணிக்குப் பத்து நிமிஷம்

வெள்ளம் வந்த இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, வாக்கி-டாக்கியின் பேச்சுப் பொத்தானை அமுக்கி ஒரு ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றிவிட்டு, செட்டை ஆன் செய்து மேஜைமேல் வைத்தேன். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கட்டைவிரல் இது. ஒரு நிமிஷம் அழுத்தினாலே உயிர் போகிற வலி. ரப்பர் பேண்டு என் சொந்த யோசனை, அதில் கொஞ்சம் பெருமைகூட.

போன வருஷ வெள்ளத்தில் ஐந்து நாள் போன் செத்துக் கிடந்தபிறகு மகன் வாங்கித் தந்த செட் இது. செல்போன் கோபுரத்தில் ஏறி வேலை பார்ப்பவனால் பெற்ற அப்பனுக்கு ஒரு போன் போட முடியவில்லையே என்று நொந்துபோயிருந்தான். ஒரு செட் எனக்கு, இன்னொன்று ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கும் அவன் வீட்டுக்கு. மொட்டை மாடியில் சோலார் தகடு, உள்ளே பேட்டரிப் பெட்டி, தண்ணீர் கேன், டார்ச். போன் நின்றுவிட்டால் ஒவ்வொரு மணிக்கும் முதல் பத்து நிமிஷம் மட்டும் செட்டைத் திறக்கவேண்டும், மற்ற நேரம் அணைத்துச் சார்ஜை மிச்சம் பிடிக்கவேண்டும் என்று பாடம் எடுத்தான். எங்களோடு வந்துவிடுங்கள் என்பதையும் வழக்கம்போலச் சேர்த்துக்கொண்டான். தனியாக இருப்பதுதான் எனக்குச் சௌகரியம் என்று நானும் வழக்கம்போலச் சொல்லிவிட்டேன்.

ஒன்பதுக்குக் கூப்பிட்டேன், பதில் இல்லை. பத்துக்கும் இல்லை, பதினொன்றுக்கும் இல்லை. மறந்துவிட்டானா, அவன் வீட்டுக்குள்ளும் தண்ணீரா? பேசாத பெட்டியிடம் எத்தனை தடவைதான் ஹலோ சொல்வது? மதியத்துக்குமேல் வாய்க்கு வந்ததைப் பேச ஆரம்பித்தேன். என்னை விட்டுவிட்டு முந்திக்கொண்டு போய்ச்சேர்ந்த மனைவியைத் திட்டினேன். சௌகரியம் என்றதெல்லாம் வெறும் வீம்பு, இந்த வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, மகன் இன்னொரு தடவை வீட்டுக்குக் கூப்பிட்டால் போய்விடுவேன் என்றும் சொன்னேன். பத்து நிமிஷம் ஆனதும் செட்டை அணைத்து ரப்பர் பேண்டைக் கழற்றினேன். சட்டதிட்டத்தில் நான் கெட்டி.

மறுநாள் பதினோரு மணி வாக்கில், இடுப்புவரை சேறோடு மகன் வந்து நின்றான். நான் ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதை மெதுவாக உருவி எடுத்தான்.

"பட்டன விட்டாத்தான்ப்பா நான் பேசறது உங்களுக்குக் கேக்கும்."

"அப்போ நான் பேசினது?"

"கேட்டுது." தரையைப் பார்த்தான். "எல்லாமே. நேத்து பூரா வாங்கப்பா வாங்கப்பான்னு நானும் சொல்லிட்டேதான் இருந்தேன்."

மானம் கப்பலேறிவிட்டது. பொழுதுபோகாமல் ஏதோ உளறினேன், அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்றேன். அவன் வாதாடவில்லை. மதியம் ஒரு கோபுரத்தில் வேலை இருக்கிறது, நாலு மணிக்கு வீட்டிலிருந்து கூப்பிடுகிறேன், சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் காலையில் படகோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

நாலு மணிக்குச் செட்டைத் திறந்தேன். காதோடு பேசுவதுபோல் அத்தனை தெளிவாகக் கேட்டது.

"வீட்டுக்கு வந்துட்டேன்ப்பா. காலையில வரட்டுமா?"

பொத்தானை விட்டுவிட்டான். இனி நான் பேசவேண்டும். கட்டைவிரலை அதன்மேல் வைத்தேன். யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்தபோது எவ்வளவு சரளமாக வந்தது. கடிகாரத்தில் நாலு ஏழு.

"அப்பா, இருக்கீங்களா?"

விரல் பொத்தான்மேல்தான் இருந்தது, இன்னும் அழுத்தவில்லை.