கடல் பூட்டிய நட்டு

என் கணவர் அழகரத்தினம் மோட்டார் சைக்கிளை இருபத்தைந்து கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் ஓட்டியதில்லை. கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞர். கல்லடிப் பாலத்தில் சைக்கிள்காரர் அவரை முந்திப் போவார்கள். சில நாள் நடந்து போகிறவர்களும் முந்துவதுண்டு. அந்த மனிதர்தான் 2010ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நோட்டீசோடு வீட்டுக்கு வந்து, "கார் ரேசுக்குப் பேர் குடுத்திட்டு வாறன்" என்றார்.

யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சமாதானத்தைக் கொண்டாடாமல் விடுவதில்லை என்று பெரியவர்கள் கங்கணம் கட்டியிருந்த காலம். சமாதான மரதன் ஓடியாயிற்று. சமாதானத் தோணி வலித்தாயிற்று. சமாதானப் பட்டங்கூட விட்டாயிற்று. மிச்சம் இருந்தது கார் ஓட்டம் ஒன்றுதான். புதிதாகத் தார் போட்ட வீதியில் சனங்கள் நெல் காயப் போடுவதற்கு முன் அதையும் ஓட்டி முடித்துவிட வேண்டும்.

"எந்தக் காரில ஓடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"லக்ஷன்ட காரில. அவன் போகாத ஒரு ஓட்டம் மிச்சம் இரிக்கு. அத நான் ஓடி முடிக்கணும்."

அந்தக் கார் ஓடுவதற்கு வேண்டிய ஒரு சாமான், ஐந்தரை வருடமாக என் மா டின்னுக்குள் கிடந்தது.

லக்ஷன் என் கணவரின் தம்பி. பழைய ஜப்பான் கார் ஒன்றைக் கழிவு விலைக்கு வாங்கி, அதற்குச் சூப்பர்சார்ஜர் பூட்டியிருந்தான். சாப்பாடு வேண்டாம் என்கிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து ஊட்டுவது போல, எஞ்சினுக்குக் காற்றை வலுக்கட்டாயமாக ஊட்டுகிற சாமான் அது. அதன் முகப்பில் ஒரு சின்னச் சக்கரம். அதில்தான் பெல்ட் ஓடும். அதே பெல்ட்டில்தான் தண்ணீர்ப் பம்பும் ஓடும். அந்தச் சக்கரத்தை அவன் தானே கணக்குப் பார்த்து லேத்தில் கடைந்து எடுத்தான். அளவை ஒரு கடதாசியிலும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் வேறு யாரும் வென்றுவிடுவார்களாம்.

எங்கள் பக்கத்தில் வாகனம் வைத்திருந்தவர்களுக்கு அந்த நாளில் ஒரு பழக்கம் இருந்தது. துவக்கோடு வந்து, "வாகனம் ஒருக்காத் தேவைப்படுது" என்பார்கள். எந்தப் பக்கத்தார் என்பது முக்கியமில்லை. கேட்கிற மரியாதை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆகவே அப்படி யாரும் திரிகிறார்கள் என்று காதில் விழுந்த உடனே, ஏதாவது ஒரு சாமானைக் கழற்றி ஒளித்துவிடுவோம். பழுதான வாகனத்தை யாரும் கொண்டு போகமாட்டார்கள். கழற்றியவர் அதை வீட்டில் ஒருவருக்கும் சொல்லக் கூடாது. அடித்துக் கேட்டாலும் தெரியாதவர் என்னத்தைச் சொல்வார்? புருஷன் பெண்சாதிக்குச் சொல்வதில்லை, பெண்சாதி புருஷனுக்குச் சொல்வதில்லை. அவ்வளவு ஒற்றுமையான குடும்பங்கள்.

2004 மார்கழி 24, வெள்ளிக்கிழமை. வேகமாக ஓடுகிற கார் யாரிடம் இருக்கிறது என்று கல்லடிச் சந்தியில் இரண்டு பேர் விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். அந்தி பட்டதும் காரின் பொனற்றைத் திறந்து, நட்டைக் கழற்றி, சக்கரத்தை எடுத்தேன். ஒழுங்கான பெண் என்றபடியால் நட்டைத் திரும்பவும் பூட்டிவிட்டு வந்தேன். மறுநாள் விடிய லக்ஷன் மலைநாட்டில் ஒரு ரேசுக்குப் புறப்பட இருந்தான். ஏறுவதற்கு முன் பொனற்றைத் திறந்து எஞ்சினைக் கும்பிடுவது அவன் வழக்கம். திறந்தவன் நேரே நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்தான்.

"மச்சாள், சக்கரத்த நீங்க எடுத்தீங்களா?"

"நான் ஏன்டா எடுக்கப் போறன்?" என்றேன்.

அந்த இரண்டு பேரும் அப்போதும் சந்தியில்தான் நின்றார்கள். அவர்கள் போனதும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அன்று பின்னேரம் நானும் கணவரும் நாவற்குடாவில் இருக்கும் என் அக்கா புஸ்பத்தின் வீட்டுக்குப் போனோம். சக்கரம் என் கைப்பைக்குள் இருந்தது. ஞாயிறு காலை கடல் வந்தபோதும் அது கைப்பைக்குள்தான் இருந்தது. லக்ஷன் கல்லடியில் காருக்குப் பக்கத்தில் இருந்தான்.

போயிருந்தால் மலையில் இருந்திருப்பான். கடல் அங்கே ஏறாது. இதை நான் எத்தனை தரம் கணக்குப் பார்த்தாலும் விடை மாறவில்லை.

கார் வாவிக் கரையில் கண்ணா மரப் பற்றைக்குள் தலைகீழாகக் கிடந்தது. தம்பியை எடுத்து அடக்கம் செய்த மூன்றாம் நாள் என் கணவர் போய், எஞ்சின் துருப்பிடிக்காமலிருக்க அதன் பிளக் துளைகளுக்குள் டீசல் ஊற்றிவிட்டு வந்தார். சனம் அவருக்கு மூளை தட்டிவிட்டது என்று பேசிக்கொண்டது. பிறகு அதைப் புஸ்பம் அக்காவின் வளவுக்கு இழுத்து வந்து, நிவாரணக் கூடாரத்துணியால் மூடி வைத்தார். நாங்களும் அந்த வளவிலேயே தங்கிவிட்டோம்.

ரேசுக்குப் பேர் கொடுத்த பிறகுதான் காரைத் திருத்தக் காத்தான்குடியிலிருந்து சாலிஹ் நானா வந்தார். கை கெட்டிக்காரக் கை. வாய் அதைவிடக் கெட்டிக்காரம். துணியை விலக்கி அரை மணித்தியாலம் தடவிப் பார்த்தார்.

"சேர், இது லேசுப்பட்ட கடல் இல்ல" என்றார். "நட்டக் கழட்டி, சக்கரத்த எடுத்துப்போட்டு, நட்டத் திரும்பப் பூட்டி வெச்சிரிக்கி. இஞ்ச பாருங்க, டிஸ்ரிபியூட்டர் மூடி ஸ்குரூ எல்லாம் இறுக்கமா இரிக்கி, உள்ளுக்கு ரோட்டரக் காணல்ல. எந்த லேத்துப் பட்டறையில வேல பழகின கடல் இது?"

ரோட்டர் என்பது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் விரல் நீளத் துண்டு. அது எப்படிக் காணாமல் போனது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. என் நட்டைப் பற்றிய யோசனையே போதுமாக இருந்தது.

"கடல்தான்" என்றார் என் கணவர்.

"கடல்தான்" என்றேன் நானும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நாங்கள் ஒரே நேரத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

எஞ்சினை இறக்கினார்கள். சிலிண்டர்களைப் பெருப்பித்து, பெரிய பிஸ்டன் போட்டார்கள். சூப்பர்சார்ஜரைப் பிரித்தபோது உள்ளே இரண்டு உருளைகள், உப்புப் பூத்துக் கிடந்தன. சாலிஹ் நானா அவற்றை ஒரு கிழமை ஊறப் போட்டுச் சுரண்டினார்.

"இந்த ரெண்டும் பக்கத்துல பக்கத்துல சுத்தும், ஆனா ஒண்டோட ஒண்டு முட்டப்படா" என்று எனக்கு விளங்கப்படுத்தினார். "முட்டினா எல்லாம் போச்சு, தங்கச்சி."

எனக்கு இது விளங்குவதற்குப் பாடம் வேண்டியிருக்கவில்லை. நானும் என் கணவரும் ஐந்தரை வருடமாக அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தோம். தம்பியின் பேச்சு வந்தால் அவர் முற்றத்துக்குப் போவார், நான் குசினிக்குப் போவேன்.

ரோட்டர் டவுனில் புதிதாகக் கிடைத்தது. சக்கரம் கிடைக்கவில்லை. லேத்தில் ஒன்று கடைந்து வந்தார்கள், பெல்ட் நழுவியது. இன்னொன்று கடைந்தார்கள், சூப்பர்சார்ஜர் போட்ட கூச்சலில் புஸ்பம் அக்காவின் கோழிகள் மதில் தாண்டின. பெல்ட் அறுந்து பறந்து பப்பாசி மரத்தில் தொங்கியது. ரேசுக்கு நாலு நாள் இருந்தது.

"அந்தப் பொடியன்ட அளவு ஆருக்கும் வராது சேர்" என்று கையைத் துடைத்தார் சாலிஹ் நானா. "சூப்பர்சார்ஜரக் கழட்டி வெச்சிட்டு ஓடுவம். கார்தானே, ஓடும்."

"அப்ப அது தம்பிட கார் இல்ல" என்று சொன்ன என் கணவர் அப்படியே ரயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். செத்த வீட்டிலும் அழாத மனிதர், கிறீஸ் பிடித்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சக்கரத்தைக் கொடுத்தால் அவர் தம்பியைக் கொன்றவள் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் அவர் இப்படியே இருப்பார்.

உள்ளே போனேன். மா டின்னுக்குள் கையை விட்டேன். முழங்கை வரை மாவோடு வந்து, சக்கரத்தைக் காரின் முன்பக்கத்தில் வைத்தேன்.

சாலிஹ் நானா சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். "நான் தொழுதுபோட்டு வாறன்" என்று போய்விட்டார். தொழுகைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

"நான்தான் எடுத்த" என்றேன். "அவன் கேட்டான். இல்லையெண்டு சொல்லிப்போட்டன். என்னாலதான் அவன் போகல்ல."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். கண்ணாடியோ எப்போதும் மூக்கில்தான் இருக்கும்; கூடு எதற்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதைத் திறந்து, விரல் நீளத் துண்டொன்றைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பழைய ரோட்டர்.

"நீ எப்ப எடுத்தாய்?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை அந்திக்கு."

"நான் அண்டைக்கு விடியவே எடுத்திட்டன்." ரோட்டரைத் தொட்டுக் காட்டினார். "நீ எடுக்கக்குள்ளயே அந்தக் கார் ஸ்டார்ட் வராது, அஜந்தா. நீ எடுக்காட்டியும் அவன் போயிரிக்க மாட்டான். என்னாலதான்."

"நீங்க எடுக்காட்டியும் என்னால போயிரிக்க மாட்டான்."

"நான்தான் முதல் எடுத்த."

"நான் அவன்ட முகத்துக்கு நேர பொய் சொன்ன."

"என்னட்டயும்தான், காரில ஏதும் கழட்டினீங்களா எண்டு கேட்டான். நானும் இல்லையெண்டுதான் சொன்னன்."

தம்பியைக் கொன்றது யார் என்று புருஷனும் பெண்சாதியும் பட்டப்பகலில் போட்டி போட்டோம். கச்சேரிக் கிளார்க் இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒரே பாயில் படுத்து எழும்பி, ஆளுக்கொரு கொலையைத் தனித்தனியாக ஒளித்து வைத்திருந்தோம். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அவர் சட்டை முழுக்க மாவாயிற்று.

சாலிஹ் நானா திரும்பி வந்து இருமினார். "ரெண்டு பேரும் ஒளிச்சதெல்லாம் வந்து சேந்திட்டா? இன்னும் ஏதும் இரிந்தா இப்பவே தாங்க, நான் ஒரேயடியாப் பூட்டுறன்."

சக்கரத்தைப் பூட்ட நான் அவரை விடவில்லை. நான் கழற்றிய நட்டை நானே இறுக்கினேன். ரோட்டரில் புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போடச் சொன்னார் என் கணவர். சாவியைத் திருகியதும் எஞ்சின் இரண்டு தரம் கனைத்துவிட்டுப் பிடித்தது. பெல்ட் நழுவவில்லை. சூப்பர்சார்ஜர் மெல்லிய விசிலோடு சுழன்றது. லக்ஷன் முற்றத்தில் நின்று எஞ்சினை இரைய விடும்போது கேட்ட அதே விசில்.

அன்று பின்னேரம் சாலிஹ் நானா போன பிறகு, பழக்க தோஷத்தில் என் கணவர் டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டரைக் கழற்றினார். கேட்டு வர இப்போது யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அதைச் சட்டைப் பையில் போடப் போனவர் நின்றார். பிறகு என் கையில் வைத்தார்.

"எங்க வைக்கிறாய் எண்டு சொல்லிப்போட்டு வை" என்றார்.

"மா டின்னுக்க" என்றேன்.