ஐயாதுரை அண்ணாச்சியின் வால்வு செட்

ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை எங்களுடையது. மோட்டாரைப் பிரிப்பதும் மாட்டுவதும் என் கணவர் தவசிமுத்து. செம்புக் கம்பி சுற்றுவது வெங்கடேஸ்வரியாகிய நான். மைக் செட்காரர்கள் எரிந்துபோன ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டுவருவார்கள். புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன், வாங்கிப் போய்விடுவார்கள். அது பாடுவதை நான் கேட்டதே இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஊருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு ஒரு வாய் சாப்பிடாதவள் மாதிரி. "பல்பு மாதிரி கண்ணாடி வால்வு வச்ச பழைய ஆம்ப்ளிஃபயர் செட்டுன்னா சத்தமே தனி" என்று வருகிறவன் எல்லாம் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்படி என்ன தனி? ஒன்றை வாங்கிக் கேட்டே தீர்வது என்று முடிவு செய்தேன்.

"காயில் கட்டுதவளுக்குப் பாட்டுப் பெட்டி எதுக்கு?" என்றார் தவசிமுத்து. நான் பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் ஐயாதுரை அண்ணாச்சியிடம் போனிலேயே விலை பேசி முடித்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை நல்ல நேரம். அதற்குள் செட்டைப் போட்டுக் காட்டி, வெற்றிலை பாக்கோடு கொடுப்பதாகப் பேச்சு. போனால், எனக்கு முன்னால் இன்னொருவர் நிற்கிறார். பெயர் விமல். காபிக் கடை திறக்கப் போகிறவராம்.

"இவரு விலைக்கு மேலயே தாரேங்காரு," என்றார் அண்ணாச்சி, என் முகத்தைப் பார்க்காமல். "ஆனா உங்கிட்டத்தான் முதல்ல சொன்னேன். போட்டுக் காட்டுதேன். பிடிச்சா எடுத்துக்கோ, இல்லன்னா அவருக்கு."

"எனக்குச் சத்தமெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி," என்றார் விமல். "வால்வு செவப்பா எரிஞ்சாப் போதும். கவுண்டர்ல வச்சா அம்சமா இருக்கும்."

"வெளிச்சத்துக்குச் சீரியல் செட் வாங்கிப் போடுங்க தம்பி," என்றேன்.

செட்டைப் பார்த்தேன். வால்வுக்கு வால்வு சந்தனம், குங்குமம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பொட்டு வைத்து, இரண்டு நிமிடம் போட்டு அணைப்பாராம். பக்தியில் குறையே இல்லை. அடி மூடியைக் கழற்றினால் அங்கேயும் அப்படித்தான். வால்வுக் கால்கள் சொருகும் இடமெல்லாம் சந்தனம் வழிந்து காய்ந்திருந்தது. மழைக்கால ஈரத்தை அது குடிக்கும். ஈரம் இருந்தால் கரண்ட் அதன் வழியே ஓடும். காயில் கட்டுகிறவளுக்கு இது கூடவா தெரியாது?

அண்ணாச்சி பிளக்கை எடுத்தார். நான் பறித்துக்கொண்டேன்.

"போடக் கூடாது. முதல்ல இதைச் சுரண்டி எடுக்கணும்."

"சாமிக்கு வச்ச பொட்டும்மா அது! மணி பத்தாகுது. பத்தரைக்கு ராகு காலம் ஏறிரும்."

"ஏறட்டும். பன்னெண்டுக்கு எறங்கிரும்லா? அம்புட்டு நேரமும் இங்கனயே இருக்கேன்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்கு. சந்தனத்து மேல இல்ல."

விமல் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "சுரண்டின பொறவு செட்டு பேசலேன்னா?"

"பேசலேன்னாலும் சொன்ன விலைக்கு நானே எடுத்துக்கிடுதேன்." வீறாப்பாகத்தான் சொன்னேன்.

தின்னரில் துணியை நனைத்து ஒவ்வொரு காலாகத் துடைத்தேன். மூன்றாவது வால்வின் அடியில், சந்தனத்துக்குக் கீழே, மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. கரண்ட் வழிமாறி ஓடிக் கருக்கிய தடம். இன்னொரு தடவை போட்டிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருக்கும். கூப்பிட்டுக் காட்டினேன்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "கடைசியாப் போடையில லேசா ஒரு வாசம் வந்துச்சு," என்றார். "சந்தன வாசம்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."

கறுப்பைச் சுரண்டி எடுத்தேன். பன்னிரண்டு அடித்ததும், வாசலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரையும் ஒரு மைக்கையும் மாட்டினேன். பிளக்குக்கும் செட்டுக்கும் நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்துக் கரண்ட் கொடுத்தேன். செட்டில் கோளாறு இருந்தால் பல்பு முழுசாக எரிந்துகொண்டே இருக்கும். பிரகாசமாக எரிந்து மெல்ல மங்கியது. அப்பாடா. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தேன். வால்வுகள் சிவந்தன. அண்ணாச்சி மைக்கில் ஊதினார். "ஹலோ" என்றார். தெருவே நிறைந்தது.

அவர் கை பெட்டி மேல் போய் உட்கார்ந்தது. "தப்பா நெனைக்காத தாயி. ஓரமாக் கெடக்குதேன்னுதான் குடுக்க நெனச்சேன். பேசக் கேட்ட பொறவு மனசு வரல. காபிக் கடைக்காரருக்கும் இல்ல, உனக்கும் இல்ல."

ஆத்திரத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"இருபத்திரண்டு வருசமாக் காயில் கட்டுதேன் அண்ணாச்சி. ஊரெல்லாம் என் கம்பியில பாடுது. நான் ஒண்ணுகூடக் கேட்டதில்ல. இன்னைக்கு இதைப் பேச வச்சது நான். எனக்குத் தாங்க!"

எதிரே பால்கோவா கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் குரலா அது? வீட்டில் மிக்ஸி சத்தத்துக்கு மேல் கத்துகிற குரல் இல்லை. நெஞ்சிலிருந்து கனமாக வந்து தெருவில் நின்றது. எல்லோரும் சொன்ன அந்தத் 'தனி' எனக்கு அப்போதுதான் புரிந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அண்ணாச்சி தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை எடுத்தார். "தெருவே கேட்டுருச்சு. இனி மாட்டேன்னு சொல்லிட்டு எந்த மூஞ்சியோட பால் வாங்கப் போவேன்? எடுத்துக்கோம்மா. அணைச்சிரு, ஆட்டோவுக்குச் சொல்லுதேன்."

"அணைக்க மாட்டேன்," என்றேன், மைக்கிலேயே. "முதல்ல ஒரு பாட்டுப் போடுங்க."

அவர் இசைத்தட்டு எடுக்க உள்ளே போனார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, குழாய்க்கு நேர் எதிரே உட்கார்ந்தேன்.